முப்பத்தெட்டு குறைவு

சலவை ஆலையில் பெரிய உருளைக்கு முன்னால் எப்போதும் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஈரமான படுக்கை விரிப்பின் ஒரு முனையை ஒருத்தியும் மறுமுனையை இன்னொருத்தியும் பிடித்து, சுருக்கம் விழாமல் இழுத்து, சுடச்சுடச் சுழலும் உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஒருத்தியின் கை கொஞ்சம் தாழ்ந்தாலும் துணி கோணிக்கொண்டு போய்ச் சுருட்டிக்கொள்ளும். எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டு அக்கா பதினோரு வருஷமாக அந்த உருளையின் இடப்பக்கம் நின்றாள். வலப்பக்கம் நின்றவளுக்கு ரேடியோ என்று பெயர். வாயை மூடமாட்டாள். உருளை இரைச்சலில் அவள் சொல்வதில் பாதி காதில் விழாது. "விழாத பாதிதான் தம்பி நல்லா இருக்கும்" என்பாள் அக்கா.

நான் அப்போது மாடி அறையில் ஒண்டிக்கட்டையாகக் குடியிருந்தேன். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. அக்காவின் கணவர் சோபா தைப்பவர். தெருவே அவரைச் சோபாக்காரர் என்றுதான் அழைத்தது. வீட்டின் முன்னறைதான் பட்டறை. அடுப்படிக்குப் போக வேண்டுமென்றால் நுரைமெத்தைப் பலகைகளையும் ரெக்சின் சுருள்களையும் தாண்டித்தான் போக வேண்டும். அக்கா சோறு வடிக்கும்போது இந்தப் பக்கம் அவர் மரச்சட்டத்தில் பின் அடித்துக்கொண்டிருப்பார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவள் வெளியூரில் இருந்தாள்.

அது மழைக்கு முந்தின புழுக்கம். ஆலைக்குள் வேலை நேரத்தில் போனை வைத்துக்கொள்ளக் கூடாது. சாப்பாட்டுப் பையோடு அலமாரியில் பூட்டிவிட வேண்டும். அதனால் நான் சூப்பர்வைசரின் எண்ணுக்குத்தான் போன் செய்தேன். அவர் உருளையை நிறுத்தச் சொன்னாராம். பதினோரு வருஷத்தில் தனக்காக அந்த உருளை நின்றது அன்றைக்கு ஒரு நாள்தான் என்று அக்கா பிறகு சொன்னாள்.

மெத்தை வெட்டும் கரண்ட் கத்தி. ஒரு ஓட்டலுக்கு நாற்பது நாற்காலி மெத்தை அவசரம் என்று காலையிலிருந்து வெட்டிக்கொண்டிருந்தார். பலகை வழுக்கியது, வலது கையால் தாங்கினார். சத்தம் கேட்டு நான் இறங்கி ஓடியபோது, வெட்டுப்பட்ட கையை நீல ரெக்சின் துண்டில் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். தரையில் அவ்வளவாக ரத்தமில்லை. பக்கத்தில் கிடந்த வெள்ளை நுரைமெத்தை அத்தனையையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"தம்பி, அந்தப் பலகை வீணாப்போச்சு" என்றார் என்னைப் பார்த்து. "ஓட்டல்காரன்கிட்ட ஒண்ணு கம்மின்னு சொல்லிடணும்."

பெரியாஸ்பத்திரியில் கட்டுப்போட்ட மருத்துவர் இளைஞர். தூக்கம் கெட்ட கண்கள். வெளியே வந்து அக்காவிடம் பொறுமையாகச் சொன்னார். "கட்டை விரலுக்கும் பக்கத்துல ரெண்டு விரலுக்கும் போற நரம்பு, தசைநார் எல்லாம் அறுந்திருக்கு. இங்க கைக்குன்னு இருக்கிற டாக்டர் வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். அவர்கிட்ட தேதி கேட்டேன், இருபத்துநாலு நாள் ஆகும்ங்கறாங்க. ஆனா பத்து நாளுக்குள்ள தைச்சுட்டா நல்லது. லேட்டானா அறுந்த நுனி உள்ள சுருங்கிப்போயிடும். முடிஞ்சா வெளிய பண்ணிடுங்க."

"வெளியன்னா எவ்ளோ டாக்டர் ஆகும்?"

அவர் ஒரு தொகையைச் சொன்னார். அக்கா கலங்கவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இன்சூரன்ஸ் இருக்கு தம்பி. பேங்க்ல போட்டது. கை கால் அடிபட்டா குடுப்பாங்கன்னு சொல்லித்தான போட்டாங்க. நாலு வருஷமா கட்டிட்டு வர்றேன்."

உள்ளே போய்க் கணவரிடமும் அதையே சொன்னாள். அவர் கண்ணை மூடியபடி தலையாட்டினார். அன்று ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் மூவரும் பன்னும் டீயும் சாப்பிட்டோம். அவருக்கு அக்காவே டீயில் நனைத்து நனைத்து ஊட்டினாள். "சின்ன மாப்பிள்ளைக்கு ஊட்டுற மாதிரி ஊட்டறா பாருங்க" என்று அவர் சிரிக்கக்கூடச் செய்தார்.

அந்த வங்கிக் கணக்கு அவள் கேட்டுத் திறந்ததல்ல. ஆலையில் முன்பெல்லாம் சம்பளம் பழுப்பு உறையில் வரும். ஒருநாள் பெரிய வங்கியிலிருந்து நாலு பேர் மடிக்கணினியோடு வந்து சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் கணக்கு, கார்டு, காலண்டர். "ஒரு காசு வைக்க வேணாம்மா, ஜீரோ பேலன்ஸ்" என்றார்கள். விபத்துக் காப்பீடும் போடலாம், வருஷத்துக்கு நானூற்றைம்பது, தானாகவே பிடித்துக்கொள்ளும் என்றார்கள். கத்தியோடும் ஆணியோடும் மல்லுக்கட்டும் மனுஷனுக்கு இருக்கட்டும் என்று கணவர் பேரில் போட்டாள். அதற்காக அவரையும் ஆலைக்கு வரவழைத்துக் கணக்கில் சேர்த்தார்கள். இரண்டு பேர் கையெழுத்தும் வாங்கினார்கள்.

மறுநாள் காலை அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டு அக்காவோடு போனேன். வங்கிக்குள் குளிர் அறைந்தது. டோக்கன் எடுத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். தொண்டை கட்டியிருந்தது, வெந்நீர் குடித்துக் குடித்துப் பேசினாள். பாலிசிச் சீட்டை வாங்கி எண்ணைத் தட்டினாள். திரும்பவும் தட்டினாள்.

"அக்கா, இது நடப்புல இல்லையே."

"நடப்புல இல்லைன்னா?"

"போன தவணை கட்டலை. அஞ்சு மாசம் முன்னாடியே விட்டுப்போச்சு."

"கட்டலையா? நான் எங்கம்மா கட்டுறது, நீங்கதான எடுத்துக்கறீங்க! இந்த வருஷமும் எடுத்தீங்களே. போன்ல மெசேஜ் வந்துதே!" அக்கா போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். "தம்பி, படிச்சுச் சொல்லு."

மேலே மேலே தள்ளி அந்த மாதத்துக்குப் போனேன். இருநூற்றுத் தொண்ணூற்றைந்து பிடித்ததாக ஒரு செய்தி இருந்தது. அடியில் ஆங்கிலத்தில் இரண்டு சொல். எனக்கு உடனே புரிந்தது.

"இன்சூரன்ஸ்தான?"

"இல்லக்கா. இன்சூரன்ஸுக்குப் பணம் பத்தலைன்னு திருப்பிவிட்டதுக்கு அபராதம்."

அக்கா என் முகத்தையே பார்த்தாள். "அன்னிக்கு அவர்கிட்ட சொன்னேன் தம்பி. இன்சூரன்ஸ் எடுத்துட்டான், இந்த வருஷக் கவலை விட்டுதுன்னு."

கவுண்டர் பெண் கணினியைத் திருப்பி வரிவரியாகக் காட்டினாள். ஆலையில் கொதிகலன் வெடித்து மூன்று மாதம் மூடிக்கிடந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த மூன்று மாதமும் அரைச் சம்பளம் கையில்தான் கொடுத்தார்கள். சம்பளம் விழாததால் அது சம்பளக் கணக்காக இல்லாமல் சாதாரணக் கணக்காகிவிட்டது. சாதாரணக் கணக்கில் குறைந்தபட்சம் மூவாயிரம் இருக்க வேண்டும். அக்கா அந்தக் கஷ்டகாலத்திலும், தவணைத் தேதி வருகிறதே என்று, எழுநூறை எடுக்காமல் விட்டு வைத்திருந்தாள். மூவாயிரம் இல்லாததற்கு இருநூற்று முப்பத்தாறு போயிற்று. செய்தி அனுப்பும் கட்டணம் ஐம்பத்திரண்டு போயிற்று. நானூற்றைம்பது எடுக்க வந்த நாளில் கணக்கில் இருந்தது நானூற்றுப் பன்னிரண்டு.

"முப்பத்தெட்டு குறைஞ்சிருக்கு" என்றாள் அந்தப் பெண் மெல்ல.

"அந்த முப்பத்தெட்டை எடுத்தது நீங்கதானம்மா" என்றாள் அக்கா.

அதில் கோபமில்லை. கணக்குப் புரியாத பிள்ளை வாத்தியாரிடம் கேட்பதுபோல் கேட்டாள். பெண் வெந்நீர்க் குப்பியின் மூடியைத் திருகித் திருகித் திறந்தாள், மூடினாள். "நான் எடுக்கலக்கா. சிஸ்டம் தானா எடுக்கும். நீங்க மேனேஜரைப் பாருங்க."

மேனேஜர் நல்ல மனிதராகத்தான் இருந்தார். கண்ணாடி அறைக்குள் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், கைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா காப்பீடு எங்களுது இல்லை, அது வேற கம்பெனி. நாங்க பணத்தைப் பிடிச்சு அனுப்புறவங்க, அவ்ளோதான்."

"பிடிச்சு அனுப்பலையே சார்."

"இருப்பு இல்லையேம்மா."

"இருப்பு இருந்துது சார். எழுநூறு இருந்துது. எண்ணி வச்சிருந்தேன்."

"மினிமம் பேலன்ஸ் இல்லையே."

"அது வேணாம்னுதான சார் சொன்னீங்க? சோத்துக் கூடத்துல வந்து உக்காந்து சொன்னாங்க. ரேடியோகிட்டக்கூடக் கேளுங்க."

"யாரு ரேடியோ?"

"என்கூட வேலை பாக்குறவ."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. கணக்கு மாறியபோது கடிதம் அனுப்பியிருப்பார்கள் என்றார். வரவில்லை என்றோம். மின்னஞ்சலில் போயிருக்கும் என்றார். அக்காவுக்கு மின்னஞ்சல் ஏது? கணினியில் பார்த்தால் ஆலையின் மின்னஞ்சல் முகவரியே அவளுடையதாகப் பதிந்திருந்தது. எல்லாத் தொழிலாளிக்கும் அதே முகவரிதான். கடைசியில் அவர் தன் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒன்றைச் செய்தார். "ஒரு தடவை மட்டும், அந்த இருநூத்து முப்பத்தாறைத் திருப்பிப் போடச் சொல்றேன். அது என்னால முடியும்."

"அதைப் போட்டா இன்சூரன்ஸுக்கு உசுரு வருமா சார்?"

"வராதும்மா."

வெளியே வந்தபோது அக்கா வாசற்படியில் நின்றுவிட்டாள். "நூறு அடிச்சுப் பத்து குடுத்த கதையா இருக்கு தம்பி. அடிச்சவனும் அவன், தடவிக் குடுக்கிறவனும் அவன்."

காப்பீட்டு நிறுவனத்துக்கு நான் மின்னஞ்சலில் மூன்று கடிதம் எழுதினேன். பிழையில்லாமல் எழுதினேன், அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில். இரண்டு வரியில் பதில் வந்தது: விபத்து நாளில் பாலிசி நடப்பில் இல்லை.

பத்து நாளில் ஆறு நாள் அப்படிப் போயிற்று. மீதி நாலு நாளில் அக்கா அலையாத இடமில்லை. ஆலையில் முன்பணம் கேட்டாள், கொஞ்சம் கொடுத்தார்கள். சோபாக்காரர் தையல் மெஷினை விற்றுவிடு என்றார். அது தோல் தைக்கும் கனமான மெஷின். அதைத் தொட்டுப்பார்க்க வந்த ஆள், கைக்கட்டைப் பார்த்ததும் விலையைப் பாதியாக்கினான்.

"கை சரியானா மெஷின் வேணும், மெஷினை வித்தாத்தான் கை சரியாகும். எந்தப் பக்கம் போனாலும் இடிக்குது" என்றார் அவர். சொல்லிவிட்டு அந்த ஆளிடமே கொடுத்துவிட்டார். எல்லாம் சேர்த்தும் தனியார் ஆஸ்பத்திரியில் கேட்ட முன்தொகையில் பாதிதான் தேறியது. பாதியை வைத்துக்கொண்டு கையில் பாதியையா தைப்பார்கள்? பத்தாம் நாள் ராத்திரி முழுக்க மழை. பதினோராம் நாள் காலை அக்கா வழக்கம்போல ஆறு மணிக்கு ஆலைக்குப் போனாள்.

இருபத்துநாலாம் நாள், வியாழக்கிழமை, பெரியாஸ்பத்திரியில் அறுவை நடந்தது. கை மருத்துவர் வயசானவர். வெளியே வந்து, முடிந்ததைச் செய்திருக்கிறேன், சீக்கிரம் வந்திருந்தால் இன்னும் செய்திருக்கலாம் என்றார். அக்கா அவருக்கு எந்தக் கதையும் சொல்லவில்லை. "சரிங்க டாக்டர்" என்றாள்.

கட்டுப் பிரித்து, பயிற்சிக்கென்று தினமும் ஒரு ரப்பர் பந்தை அழுத்தச் சொன்னார்கள். சோபாக்காரர் வாசலில் உட்கார்ந்து அழுத்துவார். சுண்டு விரலும் மோதிர விரலும் பந்தைப் பிடிக்கும். மற்ற மூன்றும் பந்தின்மேல் சும்மா சாய்ந்திருக்கும். போகிற வருகிற ஆள் எல்லாம் "எப்படி இருக்குண்ணே?" என்று கேட்பார்கள். "பந்து நல்லா இருக்கு" என்பார்.

சம்பள நாள் வந்தது. பழைய பாக்கிக் கட்டணம் என்று ஏதோ ஒன்று அதில் பிடிபட்டது. அது எதற்கென்று தெரிந்துகொள்ள வங்கியில் கணக்குத்தாள் கேட்டாள். அந்தத் தாளுக்கும் கட்டணம் என்றார்கள். அன்றைக்குத்தான் அக்கா முடிவெடுத்தாள்.

"இந்த பேங்க் வேணாம் தம்பி. காலைச் சுத்தின பாம்பு மாதிரி இருக்கு. உதறிடணும்."

ஆலையில் உருளைக்கு இருபுறமும் நின்று இதைப் பற்றி ஒரு வாரம் பேச்சு நடந்ததாம். ரேடியோ ஒரு வங்கியைச் சொன்னாள். அவள் அண்ணன் அதில் பத்து வருஷமாக வைத்திருக்கிறானாம், ஒரு காசு பிடித்ததில்லையாம். அக்காவின் கொழுந்தனார் லாரி ஓட்டுகிறவர். அவர் புதிதாக வந்த வங்கி ஒன்றைச் சொன்னார், எல்லாம் போனிலேயே செய்துவிடலாமாம். சூப்பர்வைசர், எல்லாமே ஒன்றுதான், பேர்ப்பலகை மட்டும்தான் வேறு என்றார்.

ஞாயிறு தவிர அக்காவுக்கு விடுமுறை கிடையாது. ஞாயிறு வங்கி கிடையாது. இரண்டு நாள் அரைச் சம்பளத்தை விட்டுக்கொடுத்துத்தான் இடம் தேடப் போனாள். இரண்டு நாளும் நானும் போனேன்.

புது வங்கியில் பூட்சு போட்ட இளைஞன் எழுந்து நின்று வரவேற்றான். சோபாவில் உட்கார வைத்தான். அக்கா உட்காருமுன் விரலால் சோபாவின் தையலைத் தடவிப் பார்த்தாள், அது பழக்கம்.

"ஜீரோ பேலன்ஸ் மேடம். டென்ஷனே வேணாம்."

"இதையேதான் அவங்களும் சொன்னாங்க தம்பி. நீ ஒண்ணு செய். எது எதுக்கெல்லாம் காசு பிடிப்பீங்கன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடு. நான் வீட்டுல மாட்டி வச்சுக்கறேன்."

அவன் சிரித்துவிட்டு உள்ளே போய் அச்சடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தான். பதினாறு பக்கம். எறும்பு ஊர்வதுபோல எழுத்து. பிழை திருத்தும் என் கண்ணுக்கே பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில், இவை முன்னறிவிப்பின்றி மாறலாம் என்று இருந்தது. படித்துச் சொன்னேன்.

"சொல்லாம மாத்துவாங்களா?"

"அப்படித்தான்க்கா போட்டிருக்கு."

"அப்போ இந்தப் புத்தகம் எதுக்கு?" என்று அவனிடமே கேட்டாள்.

மறுவாரம் ரேடியோ சொன்ன வங்கிக்குப் போனோம். பழைய கட்டடம், காற்றாடி கடகடவென்று சுற்றியது. அங்கிருந்த நடுத்தர வயதுக்காரர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னார். "ஐநூறு இருக்கணும். இல்லைன்னா மாசம் முப்பது பிடிப்போம். கார்டு வேணாம்னா கார்டுக் காசு இல்லை. மெசேஜ் வேணாம்னா மெசேஜ் காசு இல்லை. புத்தகத்துல பதிஞ்சு தருவோம், வந்து பாத்துக்கங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லை. செத்துப்போனா வாரிசுக்குக் குடுக்கக் கொஞ்சம் நாளாகும்."

வெளியே வந்ததும் அக்கா அந்த மாதங்களில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். "இவருதான் தம்பி சரியான ஆளு. மூஞ்சியைக் காட்டலைன்னாலும் முழுசையும் சொல்லிட்டாரு." ஐநூறு கட்டிப் புதுக் கணக்கைத் திறந்தாள். புத்தகத்துக்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டாள்.

ஆலைக் கணக்கர் ஒரு பிடிவாதக்காரர். புது எண்ணைக் கொடுத்ததும், "எந்த பேங்க் வேணாலும் இருக்கட்டும், எனக்கொண்ணுமில்லை. ஆனா பழைய கணக்கை மூடின லெட்டரைக் கொண்டா" என்றார். முன்பு ஒருத்திக்குச் சம்பளம் இரண்டு கணக்கிலும் விழுந்து, அவர் கையிலிருந்து கட்டினாராம். அன்றிலிருந்து இந்தச் சட்டம். அக்கா கெஞ்சிப் பார்த்தாள். "லெட்டர் இல்லாம நம்பரை மாத்த மாட்டேன். ஒரு நாள் வேலைதானம்மா, போய் மூடிட்டு வா."

மூடுவதற்குக் கணக்கில் உள்ள இரண்டு பேரும் வர வேண்டும் என்பதால் சோபாக்காரரும் வந்தார். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டார்; பொத்தான்களை அக்காதான் போட்டுவிட்டாள். நடந்துதான் போனோம். வழியில் ஒரு நாற்காலிக் கடை வாசலில் நின்று, "பின்னை எவ்ளோ தள்ளித்தள்ளி அடிச்சிருக்கான் பாருங்க தம்பி, ஒரு வருஷம் தாங்காது" என்றார். நெடுநாள் கழித்து வெளியே வந்த மனிதரின் குரல் அது.

அதே கவுண்டர், அதே பெண். தொண்டை சரியாகியிருந்தது. எங்களைக் கண்டதும் அடையாளம் தெரிந்து எழுந்தே விட்டாள். "கை எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டாள். பாக்கி எதுவும் இல்லை என்று பார்த்துச் சொன்னாள். படிவத்தை அவளே நிரப்பினாள். அக்கா தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள். பேனாவை அவரிடம் கொடுத்தாள்.

அவர் பேனாவை இடது கையால் வாங்கி வலது கையில் வைத்துக்கொண்டார். சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் செருகி, மணிக்கட்டைத் திருப்பி, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டார். நெடுநேரம் போட்டார். காகிதத்தில் ஒரு கோடு போய், நின்று, கீழே விழுந்திருந்தது.

பெண் படிவத்தைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பின்னால் இருந்த ஒருவரிடம் எடுத்துக்கொண்டு போனாள். அவர் தலையை ஆட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, இன்னொரு தடவை போடுங்களேன். கையெழுத்து ஒத்துப்போகலைங்கறாங்க."

இன்னொரு தாளில் போட்டார். இடது கையால் ஒன்று போட்டார். வியர்வை படிவத்தில் சொட்டியது. மூன்றாவதில் பேனா நழுவிக் கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

"இது அவரு கைதானம்மா!" என்றாள் அக்கா. குரல் உயர்ந்தது, வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "கையே இப்படித்தான் இருக்கு. எதனால இப்படி இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா." அந்தப் பெண் தலைகுனிந்தபடியே சொன்னாள். "எனக்குத் தெரியும். சிஸ்டத்துக்குத் தெரியாதே. டாக்டர் லெட்டர், புது போட்டோ, ரெண்டு சாட்சி, இதெல்லாம் வச்சுக் கையெழுத்தை மாத்தணும்னு தனியா எழுதிக் குடுக்கணும். மேல ஆபீசுக்குப் போய் வரும். ஒரு மாசம், ஒண்ணரை மாசம் ஆகும். அப்புறமா மூடலாம்." கொஞ்சம் நிறுத்தி, "கையெழுத்து மாத்துறதுக்கு ஒரு சார்ஜ் இருக்கு" என்றாள்.

அக்கா கவுண்டர் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். வெந்த துணியை இழுத்து இழுத்துக் காப்புக் காய்த்த கை அது. அதில் பலமில்லாமல் இல்லை. பிடித்து இழுக்க அங்கே முனை இல்லை.

சோபாக்காரர்தான் பேசினார். "ஏம்மா, அந்தப் பழைய கையெழுத்து உங்ககிட்ட இருக்கா?"

"இருக்குண்ணே. இதுலதான் வச்சுப் பாத்தாங்க."

"காட்டேன்."

அவள் கணினியைத் திருப்பினாள். திரை முழுக்கப் பெரிதாக வந்தது. நாலு வருஷத்துக்கு முன்பு ஆலைச் சாப்பாட்டுக் கூடத்தில் போட்டது. முதல் எழுத்து வயிறு பெருத்து, அதிலிருந்து ஒரே இழுப்பில் மற்ற எழுத்துகள் ஓடி, கடைசியில் வால் திரும்பி வந்து பேருக்கு அடியில் கோடாகி, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. பேனாவை ஒரு தடவைகூடத் தூக்காமல் போட்டது என்று யார் பார்த்தாலும் சொல்லலாம்.

அவர் குனிந்து பார்த்தார். அக்கா பார்க்கவில்லை. பின்னால் அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு ஆள் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று செருமினார். அந்தப் பெண் அவரை இருக்கும்படி கைகாட்டினாள்.

"நல்லாத்தான் போட்டிருக்கேன், இல்ல தம்பி?" என்றார் சோபாக்காரர்.

"நல்லா இருக்குண்ணே."

பெண் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். மூடும் படிவத்தை நாலாக மடித்து அக்காவின் கையில் கொடுத்தாள். நாங்கள் வெளியே வந்தோம். அந்த மாதச் சம்பளமும் அந்தப் பழைய கணக்கிலேயேதான் விழுந்தது.